தென்னையில் சுருள் வெள்ளை ஈ: வேரில் மருந்து கட்டலாமா?

உடுமலைத் தோப்பு:
4 ஏக்கர் தென்னை, 9 வயது. பாதி நெட்டை, பாதி நெட்டை-குட்டை ஒட்டு. ஊடே வாழை நிற்கிறது. மாசி பிறந்ததிலிருந்து அடிமட்டைகளில் கீற்றின் கீழ்ப்புறம் வெள்ளைச் சுருள்களாக அப்பிக் கிடக்கிறது. மேல்புறம் அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்துவிட்டது. வாழை இலையிலும் பிசுபிசுப்பு. மருந்துக்கடையில் வேர் வழியாக மருந்து கட்டச் சொல்கிறார்கள், அதாவது வேரைச் சீவி மருந்துப் பையைக் கட்டி மரத்தை உறிஞ்ச விடுவது. ஒட்டு மரங்களில் 20 நாளுக்கு ஒரு இளநீர் வெட்டு உண்டு. கட்டலாமா? வாழை இலைகளை அறுத்து எரித்துவிடவும் யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பயிர்க்காவல்:
வேரில் கட்டாதீர்கள். வாழை இலையை எரிப்பதையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

வேரில் மருந்து கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது. 20 நாள் வெட்டு உள்ள தோப்பில் அது நடக்கிற காரியமில்லை. அந்த இளநீரை யாரோ ஒரு நோயாளியும் குழந்தையும்தான் குடிக்கப் போகிறார்கள். அதைவிட்டாலும், இந்த ஈயைக் கட்டுக்குள் வைத்திருப்பது என்கார்சியா குவாடலூபே என்ற ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அது ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதற்குள்ளேயே வளர்கிறது. மருந்து ஏறிய சாற்றைக் குடித்துக் குஞ்சு செத்தால் உள்ளே இருக்கும் குளவியும் சேர்ந்தே சாகும். பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ மறுபடி பறந்து வர நாள் ஆகாது. முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய ஒரு மாதம்தான். குளவி இல்லாத தோப்பில் அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு வருவது முன்னதைவிட மோசமாக இருக்கும்.

ஆகவே முதலில் குளவி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுங்கள். தோப்பில் மூலைவிட்டமாக நடந்து 10 மரங்கள், மரத்துக்கு ஓர் அடிமட்டை, மட்டைக்கு 2 கீற்று. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். மெழுகுப் பஞ்சை மெல்ல ஊதிவிட்டுப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் கடைசிப் பருவக் கூடுகளை மட்டும் எண்ண வேண்டும். உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தால் அதிலிருந்து ஈ வரும். கறுத்துத் தெரிந்தால் உள்ளே குளவி.

காலிக்கூடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். முதுகில் T போலக் கிழிந்திருந்தால் ஈ வெளியேறியது. ஊசியால் குத்தினாற்போல் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறியது. இரண்டும் கீற்றில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும், போன பருவத்து வரலாற்றைத்தான் சொல்லும்.

பாதிக்கு மேல் கறுப்பு என்றால் தோப்பை அப்படியே விட்டுவிடலாம். 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் குளவியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இது ஆராய்ச்சி நிலைய வரையறை அல்ல, வேலைக்கு உதவும் என்று நான் வைத்திருக்கும் அளவு. வாழையிலும் இதே போல எண்ணுங்கள். வாழையும் இந்த ஈக்கு உணவுதான், அதனால் குளவிக்கும் வீடு. அந்த இலையை எரித்தால் எதை எரிக்கிறோம் என்று தெரிந்து எரிக்க வேண்டும்.

கீற்றுமுடைவோர்:
கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது ஈ கழிக்கும் தேன்கழிவின் மேல் வளரும் பூசணம், கீற்றுக்குள் இறங்காது. வெயிலை மறைப்பதால்தான் கெடுதல். ஈ குறைந்த பிறகும் பல வாரம் கறுப்பு நிற்கும், அதை வைத்து ஈ இன்னும் இருக்கிறது என்று மருந்து அடிப்பது வீண்.

நீக்க வேண்டுமானால் லிட்டருக்கு 25 கிராம் மைதா. 100 லிட்டர் டேங்குக்கு 2.5 கிலோ. மாவை நேராக டேங்கில் கொட்டினால் கட்டிதட்டி நாசில் அடைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிண்டிப் பசையாக்கி, ஆறியபின் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கீற்றின் மேல்புறம் நனைய, நல்ல வெயில் நாளின் காலையில் அடிக்க வேண்டும். காய்ந்து அப்பளம் போலச் செதில் செதிலாகக் கறுப்போடு சேர்ந்து உதிரும். மேகமூட்டமான நாளில் அடித்தால் காயாமல் வழிந்து போகும்.

ஆனைமலை அடிவாரம்:
மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டச் சொல்லவில்லையே? 5 அடிக்கு 1.5 அடி மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 முதல் 10, ஆள் உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டினால் ஈ கொத்துக் கொத்தாக ஒட்டுகிறது. பெரிய செலவும் இல்லை.

பயிர்க்காவல்:
கட்டலாம், ஆனால் நாள் பார்த்து. மட்டையைத் தட்டினால் ஈ புகையாகக் கிளம்பும் சமயத்தில் மட்டும். மஞ்சள் நிறம் குளவியையும் இழுக்கும். ஈ அடங்கிய பிறகும் அட்டை தொங்கினால் மிச்சமுள்ள குளவியைப் பிடிக்கும் பொறியாகிவிடும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூச வேண்டும். தூசி படிந்த அட்டையில் ஒன்றும் ஒட்டாது. தண்ணீர் வசதி இருந்தால் விசைத்தெளிப்பானால் கீழ்ப்புறத்தில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சுவதே எனக்குப் பிடித்த வழி. மழைக்காலத்தில் இந்த ஈ தானாகக் குறைவது போலத்தான் இதுவும்.

பூச்சியியல் மாணவி:
பின்னணி கொஞ்சம் சேர்க்கிறேன், ஏன் இவ்வளவு குளவிப் பேச்சு என்று விளங்கும். இந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. 2009-இல் ஃபுளோரிடாவில் பரவியது. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் முதலில் கண்டார்கள். வெளிநாட்டுப் பூச்சி தன் எதிரிகளை விட்டுவிட்டு வருவதால்தான் இப்படிப் பெருகுகிறது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கு அப்படித்தான் ஆனது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பிடித்தது, மருந்தடித்தும் நிற்கவில்லை. 2010-இல் அசிரோஃபேகஸ் என்ற ஒட்டுண்ணியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது.

தென்னையில் நமக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியிருக்கவில்லை. 1990-களில் கொய்யாவையும் மரவள்ளியையும் பிடித்த பழைய சுருள் வெள்ளை ஈயின் எதிரியாக என்கார்சியா ஏற்கெனவே இங்கே இருந்தது. புதிய ஈ வந்ததும் அதையும் பிடித்துக்கொண்டது. கையில் இருப்பதை மருந்தால் அழிக்காமல் இருந்தாலே பெரிய வேலை முடிந்த மாதிரி.

உடுமலைத் தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. எண்ணியாயிற்று. தென்னையில் 112 கூடு, அதில் கறுப்பு 31. வாழையில் 60 கூடு, கறுப்பு 41. இனி என்ன செய்ய?

பயிர்க்காவல்:
தென்னையில் 28 சதவீதம், வாழையில் 68. உங்களுக்கு வேண்டிய குளவி உங்கள் வாழையிலேயே இருக்கிறது, வெளியே போக வேண்டாம். வெளித்தோப்பிலிருந்து கீற்று கொண்டுவந்தால் வேறு பூச்சியும் கூட வரும் ஆபத்து உண்டு.

ஏக்கருக்கு 10 இலைத்துண்டு, ஆக 40. ஓட்டை விழாத கறுப்புக்கூடு குறைந்தது 15 உள்ள இடமாகப் பார்த்து, உள்ளங்கை அளவுக்கு வாழை இலையை வெட்டுங்கள். அதில் வெளிர்மஞ்சள் கூடு இருந்தால் ஊசியால் நசுக்கிவிடலாம். காகித உறையில் போட்டு எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சாயங்காலம் வெயில் இறங்கியபின், கைக்கு எட்டும் அடிமட்டையில் கீற்றின் கீழ்ப்புறம் ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுங்கள். எறும்புச்சாரை ஓடும் மரத்தைத் தவிருங்கள், கூட்டைத் தூக்கிப் போய்விடும். ஒட்டு மரங்களில் தாக்குதல் கூடுதலாக இருக்கும், ஆகவே 40-இல் 25 அங்கே போகட்டும்.

வெள்ளை ஈயைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை கிடைத்தால் ஏக்கருக்கு 400 விடலாம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி என்று பலரும் சொல்வார்கள். துண்டு கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் அது வேண்டாம். உரத்தை நிறுத்தாதீர்கள்: மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து. கூடவே தொழு உரம் 50 கிலோ.

துண்டு கட்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பில் குறி போடுங்கள். 30 நாள் கழித்து அதே மரங்களில் 5, குறியில்லாத மரங்களில் 5 என்று மறுபடி எண்ணி இங்கே போடுங்கள். கறுப்புக்கூட்டின் சதவீதம் குறிமரங்களில் மட்டும் கூடியிருந்தால் இன்னொரு சுற்றுத் துண்டு கட்ட வேண்டும். இரண்டிலும் கூடியிருந்தால் தேவையில்லை.