பெரிஹீலியனுக்கு ஒரு சொல்: கிட்டமும் எட்டமும்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக் கண்காட்சிக்குக் கோள்களைப் பற்றிப் பலகை எழுதும் தம்பி கேட்ட கேள்விக்கு நான்கு நாளாக ஆளுக்கொரு சொல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுதுகிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் வரும் இடம் பெரிஹீலியன், மிகத் தள்ளிப் போகும் இடம் அப்ஹீலியன். ஆறாம் வகுப்புப் பிள்ளை பலகையைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ளும்படி இரண்டு சொல் வேண்டும்.

முதலில் கைவசம் இருப்பதைப் பார்ப்போம். பாடநூல் வழக்கில் 'சூரிய அண்மை', 'சூரிய சேய்மை' என்று இருக்கிறது. பொருளில் குற்றமில்லை. ஆனாலும் வகுப்பறையில் இவை தடுக்குகின்றன, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'அண்மை' என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பிள்ளைகள் 'அன்மை' என்று எழுதிக்கொள்கிறார்கள். இலக்கணத்தில் அன்மை என்றால் ஒன்று மற்றொன்றாக இல்லாத தன்மை. அது போகட்டும், எழுத்துப்பிழைதான். பெரிய தொல்லை வேறு. 'அண்மையில்' என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் காலத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. "பூமி சூரியனுக்கு அண்மையில் வந்தது" என்று எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "எப்போ சார், போன வாரமா?" என்றாள். சிரிப்பாக இருந்தாலும் அவள் கேட்டதில் தப்பில்லை.

'அண்மைப் புள்ளி', 'சேய்மைப் புள்ளி' என்று நீட்டலாம் என்றார் ஓர் அன்பர். இயற்பியல் பாடத்தில் கண்ணைப் பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிகக் கிட்டின தூரம், 25 செ.மீ., அதுதான் அங்கே அண்மைப் புள்ளி. ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் இரண்டையும் படிக்க நேர்ந்தால் கண்ணையும் சூரியனையும் குழப்பிக்கொள்ளும்.

அடுத்து, நம் தமிழாசிரியர் ஐயா சொன்ன 'உச்சம்', 'நீசம்'. இவற்றை நான் எளிதில் தள்ள மாட்டேன். பழைய கணித சித்தாந்தங்களில் சூரியனின் மந்தோச்சம் என்று ஒன்று உண்டு. சூரியன் மிக மெதுவாக நகர்வதாகத் தெரியும் இடம் அது, அதாவது மிகத் தொலைவான இடம். சூரிய சித்தாந்தம் அதை 77 பாகைக்குச் சற்று மேலே, மிதுனத்தில் வைக்கிறது. இன்று கருவிகள் வைத்து அளந்தாலும் பூமி மிகத் தள்ளிப் போகும் நாளில் சூரியன் மிதுனத்தில்தான் நிற்கிறது. அந்தக் கணக்கைப் போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் ஐயா, பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் "சூரியன் உச்சம்" என்று சொல்லிப் பாருங்கள். "மேஷத்திலே, சித்திரை மாசம்" என்று பட்டென்று பதில் வரும். நீசம் என்றால் துலாம், ஐப்பசி. சோதிடத்தின் உச்சம் வேறு, கணிதத்தின் உச்சம் வேறு என்று விளக்கிக்கொண்டிருந்தால் பலகையின் பாதி அதற்கே போய்விடும். மேலும், உச்சம் என்றதும் நமக்குத் தோன்றுவது உச்சிவெயில். சூரியனைவிட்டு மிகத் தள்ளி இருக்கும் நிலைக்கு அப்படி ஒரு பெயர் வைத்தால் பிள்ளை நேர் எதிராகப் புரிந்துகொள்ளும்.

மந்தோச்சத்தைத் தொட்டதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கண்காட்சிப் பலகையில் இது கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. நம் மாதங்கள் ஏன் ஒரே அளவாக இல்லை? சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலமே நமக்கு ஒரு மாதம். வாய்ப்பாட்டின்படி ஆனிக்கு 31 நாள் 36 நாழிகை, மார்கழிக்கு 29 நாள் 20 நாழிகை. இரண்டும் 30 பாகைதான், ஆனாலும் மார்கழியில் இரண்டு நாளுக்கு மேல் குறைகிறது. ஏனென்றால் பூமி சூரியனுக்குக் கிட்டே இருக்கும்போது வேகமாக ஓடுகிறது, நொடிக்கு 30.3 கி.மீ. எட்டத்தில் இருக்கும்போது 29.3 கி.மீ. வானியலாளர் கெப்ளர் 1609இல் வெளியிட்ட இரண்டாம் விதி இதைத்தான் சொல்கிறது. பூமி மிகக் கிட்டே வரும் நாள் ஜனவரி 4ஐ ஒட்டி, அதாவது மார்கழி 20 வாக்கில். மிக எட்டப் போவது ஜூலை 4ஐ ஒட்டி, ஆனி 20 வாக்கில். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஆனி சில ஆண்டுகளில் 32 நாள் வரை நீள்வதையும் மார்கழி 29இல் முடிந்துவிடுவதையும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கூடவே வரும் கேள்வியும் தெரிந்ததே: "கிட்டே இருக்கும் மார்கழியில் ஏன் சார் குளிருது?" கிட்டம் 14.71 கோடி கி.மீ., எட்டம் 15.21 கோடி கி.மீ. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் என்பது காதுக்குப் பெரிதாகக் கேட்டாலும் மொத்தத் தொலைவில் அது மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் மாற்றம் அதை அமுக்கிவிடுகிறது. அதே மார்கழியில் ஆஸ்திரேலியாவில் கோடை.

மேலே இரண்டு பத்திகளில் 'கிட்டே', 'எட்டத்தில்' என்று நானே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? யோசித்து எழுதவில்லை, தானாக வந்தது. என் பரிந்துரையும் அதுவே: கிட்டம், எட்டம்.

"கிட்டத்தில் வா", "எட்டத்தில் நில்" என்று பாட்டி சொல்லும் சொற்கள். 'கிட்டப்பார்வை' ஏற்கெனவே கண் மருத்துவத்தில் நிலைத்துவிட்டது, யாரும் அதை வட்டாரச் சொல் என்று முகம் சுளிப்பதில்லை. எதுகை இருப்பதால் ஒன்றை நினைத்தால் மற்றது வந்து நிற்கும். நான்கெழுத்துக்கு மேல் இல்லை. வேற்றுமை உருபு ஏற்றாலும் முறியாது: கிட்டத்தில், கிட்டத்தை, எட்டத்திலிருந்து.

இதற்கு வந்த, வரக்கூடிய எதிர்ப்புகளையும் பார்த்துவிடுவோம்.

> எட்டுதல் என்றால் தொடுதல்தானே? 'கைக்கெட்டும் தூரம்' என்றால் பக்கம். அப்புறம் 'எட்டம்' எப்படித் தொலைவாகும்?

நல்ல கேள்வி. இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. வினையாக வரும்போது அது இரண்டு பக்கமும் போகிறது. "கைக்கு எட்டியது" என்றால் கிடைத்தது, "எட்டிப் போ" என்றால் விலகு. ஆனால் 'எட்டம்' என்ற பெயர்ச்சொல்லைப் பக்கம் என்ற பொருளில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "எட்டத்தில் இருக்கு" என்றால் எந்த ஊரிலும் தள்ளி இருக்கிறது என்றுதான் பொருள். கலைச்சொல்லாக நாம் எடுப்பது பெயரைத்தான். ஆகவே பயமில்லை.

கிட்டத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சித்த மருத்துவம் அறிந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரும்பை உருக்கும்போது ஒதுங்கும் கசடுக்கும் கிட்டம் என்று பெயர். இரும்புக் கிட்டம்தான் மண்டூரம் என்ற மருந்தாகிறது. ஆனால் கோள்களின் பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைக்கு உலைக்களத்துக் கசடு நினைவுக்கு வரப்போவதில்லை.

'முனை' சேர்த்து 'அண்முனை', 'சேண்முனை' என்றார் இன்னோர் அன்பர். அழகான ஆக்கம். 'சேண்' போன்ற பழஞ்சொல் உயிர்த்து வருவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வடமுனை, தென்முனை என்று பூமியின் துருவங்களுக்கு 'முனை' போய்விட்டது. 'அண்முனை' என்றால் பக்கத்திலுள்ள துருவமா என்று கேட்பார்கள். முனையை விட்டுவிட்டு 'நிலை' சேர்க்கப் பார்த்தேன். அண்+நிலை அண்ணிலை ஆகிறது, சேண்+நிலை சேணிலை ஆகிறது. புணர்ச்சி விதிப்படி சரி, ஆனால் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் மொட்டை போட்டது மாதிரி இருக்கிறது. 'கோடி' என்று ஒருவர் சொன்னார், தெருக்கோடி போல. "அண்கோடி 14.71 கோடி" என்று எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

சரி, தனியே கிட்டம் எட்டம் போதுமா? எதற்குக் கிட்டம் என்று சொல்ல வேண்டாமா? வேண்டும். இங்கேதான் கெப்ளர் செய்ததை நினைத்துக்கொள்ளலாம். பூமியை நடுவில் வைத்த பழைய வானியலில் 'பூமிக்கு எட்டம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருந்தது. நடுவே சூரியன் என்றானதும் அவர் அந்தச் சொல்லில் பூமியைக் கழற்றிவிட்டுச் சூரியனை மாட்டினார். பெரிஹீலியனும் அப்ஹீலியனும் அப்படிப் பிறந்தவை. எங்கிருந்தோ வானத்திலிருந்து விழவில்லை, ஒருவர் உட்கார்ந்து ஒட்டுப்போட்ட சொற்கள். (நீள்வட்டத்தின் குவியத்துக்கு அவர் வைத்த பெயருக்கு லத்தீனில் 'அடுப்பு' என்று பொருள். சூரியன் எரியும் இடத்துக்கு அடுப்பு! நாம் 'குவியம்' என்று படித்துவிட்டோம், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஆசையாக இருக்கிறது.)

நாமும் மாட்டிப் பார்ப்போம். பூமியைச் சுற்றும் நிலாவுக்குப் புவிக்கிட்டம், புவியெட்டம். நிலா கிட்டத்தில் ஏறத்தாழ 3.63 லட்சம் கி.மீ., எட்டத்தில் 4.05 லட்சம் கி.மீ. வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்துக்கு வியாழக்கிட்டம். மங்கள்யான் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைப் பிடித்தபோது அதன் பாதை செவ்வாயின் பரப்பிலிருந்து மிகப் பக்கத்தில் 421.7 கி.மீ., மிகத் தள்ளி 76,993.6 கி.மீ. "குறைந்தபட்சத் தொலைவு, அதிகபட்சத் தொலைவு" என்று இழுக்காமல் செவ்வாய்க்கிட்டம், செவ்வாயெட்டம் என்று முடித்திருக்கலாம்.

சூரியனுக்கு வரும்போதுதான் வம்பு. 'ஞாயிற்றுக்கிட்டம்' என்றால் சனிக்கிழமை என்று ஒரு பிள்ளை சொல்லும். 'பரிதி' கணக்குப் பாடத்தில் வட்டத்தின் சுற்றளவாகப் போய்விட்டது. 'சூரியக்கிட்டம்' நன்றாக நிற்கிறது, ஆனால் சூரிய + எட்டம் உடம்படுமெய் பெற்றுச் 'சூரியவெட்டம்' ஆகிறது. நாகர்கோவில் பக்கத்தில் வெட்டம் என்றால் வெளிச்சம்! குமரி மாவட்டத்து நண்பர் இதைப் படித்துவிட்டு "சூரிய வெளிச்சம்னு எழுதியிருக்கு, அதிலென்ன இவ்வளவு யோசனை?" என்பார். ஆகவே அதை மட்டும் சேர்க்காமல் 'சூரிய எட்டம்' என்று பிரித்தே எழுதலாம் என்பது என் முடிவு. இலக்கணம் அறிந்தவர்கள் ஒரு சொல்லுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இடமா, நாளா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கிட்டம் என்பது இடம். அங்கே பூமி போய்ச் சேரும் நாளுக்குக் கிட்டநாள், எட்டநாள். தொலைவைக் குறிக்கக் கிட்டத்தொலைவு, எட்டத்தொலைவு. மூன்றையும் ஒரு சொல்லால் சுமக்கவைத்ததால்தான் 'சூரிய அண்மை' திணறுகிறது.

இந்தச் சொற்கள் ஓடிப் பார்க்கட்டும் என்று சில வரிகள் எழுதினேன். புதனின் கிட்டத்தொலைவு 4.6 கோடி கி.மீ., எட்டத்தொலைவு 6.98 கோடி கி.மீ. கிட்டத்தில் அதற்கு விழும் வெயில் எட்டத்தில் விழுவதைப் போல இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். வெள்ளிக்குக் கிட்டத்தொலைவும் எட்டத்தொலைவும் கிட்டத்தட்ட ஒன்று, 10.75 கோடி, 10.89 கோடி. (பார்த்தீர்களா, 'கிட்டத்தட்ட' உள்ளே நுழைந்துவிட்டது. பலகையில் 'ஏறத்தாழ' என்று மாற்றிவிடுங்கள்.) ஹாலி வால்மீன் 1986 பிப்ரவரியில் கிட்டத்தைத் தாண்டியது, 2023 டிசம்பரில் எட்டத்தைத் தொட்டுத் திரும்பியது, 2061இல் மறுபடி கிட்டத்துக்கு வரும். சூரியனை ஆராயும் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24இல் தன் கிட்டத்தில் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தொலைவில் பறந்தது. புளூட்டோ 1989இல் கிட்டத்தில் இருந்தது. அதையொட்டி 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில்.

வாசித்தால் எங்கும் இடறவில்லை. இடறுகிறது என்று தோன்றினால் எந்த வரி என்று சொல்லுங்கள்.

தம்பி, உங்கள் பலகையில் இன்னொரு திருத்தம். 'சராசரித் தொலைவு' என்ற தலைப்பின் கீழ்ப் புதனுக்கு 5.79 கோடி என்று போட்டிருக்கிறீர்கள். அது கிட்டத்தொலைவையும் எட்டத்தொலைவையும் கூட்டிப் பாதியாக்கியது, அதாவது பாதையின் அரை நெட்டச்சு. புதன் எட்டத்தில் மெதுவாகப் போவதால் அங்கேதான் அதிக நாள் கழிக்கிறது. நாள்தோறும் அளந்து சராசரி எடுத்தால் 5.91 கோடி வரும். பூமிக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது, புதனுக்குப் படும். 'அரை நெட்டச்சு' பிள்ளைகளுக்குக் கடினம் என்றால் 'நடுத்தொலைவு' என்று எழுதலாம். கோள்களின் தொலைவை அளக்கும் வானியல் அலகையும் பூமியின் சராசரித் தொலைவு என்று எழுதாதீர்கள். 2012இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை 1,49,59,78,70,700 மீட்டர் என்று முடிவாக வரையறுத்துவிட்டது. இனி பூமி எப்படி நகர்ந்தாலும் அலகு நகராது.

இலங்கை அன்பர்களுக்கு ஒரு கேள்வி. நாங்கள் நீள்வட்டம் என்பதை நீங்கள் நீள்வளையம் என்கிறீர்கள். 'எட்டம்' உங்கள் பேச்சில் எங்களைவிட அதிகம் புழங்குகிறது என்றே நினைக்கிறேன். 'கிட்ட' என்பதும் அப்படியே. உங்கள் பிள்ளைகளிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் "பூமியின்ர சூரியக்கிட்டம் எது?" என்று படத்தைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். விரலை எங்கே வைக்கிறார்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு பலகையை அச்சுக்குக் கொடுக்கலாம்.