நீராவி இஸ்திரிப்பெட்டி: அடித்தட்டு செராமிக்கா, எவர்சில்வரா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நீராவி இஸ்திரிப்பெட்டியை மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது. அதன் அடித்தட்டில் நான்-ஸ்டிக் பூச்சு இருக்கிறது. புதிதில் துணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் கால்சட்டையைத் தேய்க்கும்போது கவனக்குறைவாக ஜிப்பின் மேல் அழுத்தி இழுத்துவிட்டேன். அன்று விழுந்த நான்கு மெல்லிய கோடுகள் நாளடைவில் அகன்று, இப்போது பூச்சு உரிந்த ஓரங்களில் பட்டுத்துணியின் இழை மாட்டி இழுபடுகிறது. போதாக்குறைக்குச் சென்ற வாரம் ஒரு வெள்ளைச் சட்டையின் மார்புப் பகுதியில் பழுப்புநிறத் தண்ணீரைக் கக்கியது. இருமுறை துவைத்தும் கறையின் விளிம்பு இன்னும் தெரிகிறது.

நாங்கள் தேய்ப்பவற்றில் பெரும்பகுதி பருத்தியும் லினனும்தான். பட்டும் பாலியஸ்டரும் எப்போதாவது வரும். செராமிக், எவர்சில்வர், டைட்டானியம் ஆகிய மூன்றில் எது நீண்டநாள் உழைக்கும்? வாட் அளவு 1200 முதல் 2600 வரை காணப்படுகிறதே, அந்த வேறுபாடு தேய்க்கும்போது உண்மையில் தெரியுமா? பயன்படுத்தி அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்பஞ்சு எழுதியது:

நான் செராமிக் பூச்சிலிருந்து எவர்சில்வருக்கு மாறியவள். செராமிக் தட்டு நன்றாகவே வழுக்கியது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஒருமுறை மேசை விளிம்பில் இடித்ததில் அதன் முனையில் அரிசியளவுக்குப் பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. கழுத்துப்பட்டை, பொத்தான் இடைவெளி என்று நுணுக்கமான இடங்களுக்கெல்லாம் முனையைத்தானே கொண்டுபோகிறோம்? ஆகவே அந்தச் சிறு பெயர்ப்பே பெட்டியைப் பயனற்றதாக்கியது. எவர்சில்வரில் பெயர்வதற்குப் பூச்சே கிடையாது. கஞ்சி கருகி ஒட்டினாலும், தட்டு ஆறிய பிறகு ஈரத்துணியில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போய்விடுகிறது. உலர்ந்த துணியின் மேல் செராமிக்கைவிடச் சற்றுப் பிடிக்கும் என்பது உண்மைதான். நீராவி வந்துகொண்டிருக்கும்போது அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் பருத்தியும் லினனும் மிகுதி என்பதால் எவர்சில்வரையே பரிந்துரைப்பேன்.

திருப்புளி எழுதியது:

பல ஆண்டுகளாக வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்துத் தட்டை மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பாலான நீராவி இஸ்திரிப்பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வார்ப்பு அலுமினியக் கட்டிதான். சூடேற்றும் கம்பி அதற்குள் புதைந்திருக்கும், நீராவி உண்டாகும் அறையும் அதிலேயே குடையப்பட்டிருக்கும். எவர்சில்வர் என்பது பொதுவாக அதன் அடியில் பொருத்தப்படும் மெல்லிய தகடு. செராமிக் என்பது மேற்பூச்சு. டைட்டானியம் என்பதும் டைட்டானியம் கலந்த பூச்சேயன்றி முழுத் தகடு அல்ல. தூய அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எவர்சில்வரின் வெப்பங்கடத்தும் திறன் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் எவர்சில்வர் தட்டு சீராகச் சுடுவதற்குக் காரணம், தகடு மெல்லியதாக இருப்பதும் அலுமினியத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருப்பதும்தான். பொருத்தம் சரியில்லாத மலிவான பெட்டிகளில் தட்டின் நடுப்பகுதி கொதிக்கும், முனை மந்தமாகவே இருக்கும். ஆகவே எவர்சில்வர் வேண்டும் என்று முடிவெடுப்பதோடு நின்றுவிடாமல், அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

வாட் அளவு கட்டாயம் முக்கியம். அதை நீராவி அளவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 25 பாகையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க ஏறத்தாழ 2570 ஜூல் வெப்பம் தேவை. நிமிடத்துக்கு 20 கிராம் நீராவி வேண்டுமென்றால் அதற்கே 860 வாட் அளவுக்குச் செலவாகும்; 40 கிராம் என்றால் 1700 வாட்டைத் தாண்டிவிடும். துணியைச் சூடாக்கவும் காற்றில் இழக்கும் வெப்பத்துக்கும் இதற்கு மேல் தேவை. 1200 வாட் பெட்டி 40 கிராம் நீராவி தருவதாகச் சொன்னால், அதைச் சில நொடிகளுக்குத்தான் தர இயலும். பிறகு தட்டு குளிர்ந்து, ஆவியாகாத தண்ணீர் துளைகள் வழியாகச் சொட்டத் தொடங்கும். லினன் தேய்ப்பவருக்கு 2000 வாட்டுக்கு மேல் உள்ள பெட்டி வீண்செலவு அல்ல.

வெள்ளைச் சட்டையில் விழுந்த பழுப்புக் கறைக்கும் தட்டின் பொருளுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. கடின நீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு நீராவி அறையில் படிந்து, அழுக்கோடு சேர்ந்து கருகி, பொருக்காக உதிர்ந்து வெளியே வருவதுதான் வழக்கமான காரணம். என் மேசைக்கு வரும் நீராவிப் பெட்டிகளில் பெரும்பாலானவை உப்படைத்தே வருகின்றன, தட்டு தேய்ந்து வருபவை மிகச் சில. தானாகச் சுத்தம் செய்யும் வசதியோ, கழற்றி ஊறவைக்கக்கூடிய உப்புத்தடுப்புக் குச்சியோ இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். உங்கள் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால், குழாய் நீரில் பாதிக்குப் பாதி வாலைவடிநீர் கலக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு; உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். அது அனுமதிக்காதவரை தொட்டிக்குள் வினிகர் ஊற்றாதீர்கள். அமிலம் அலுமினியத்தையும் ரப்பர் வளையங்களையும் அரிக்கும்.

ஊசிமுனை எழுதியது:

தையல் என் தொழில் என்பதால் நாள்முழுதும் இஸ்திரிப்பெட்டி என் கையில் இருக்கும். திருப்புளி ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டையும் பாலியஸ்டரையும் பொறுத்தவரை தட்டின் மேற்பரப்பு எங்களுக்கு முக்கியம்தான். ஒரு சிறு சோதனை சொல்கிறேன்: பெட்டி ஆறியிருக்கும்போது ஒரு பஞ்சு உருண்டையைத் தட்டின் மேலும் விளிம்பைச் சுற்றியும் நீராவித் துளைகளின் ஓரத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு எங்கே இருக்கிறதோ அங்கே பஞ்சின் இழை நிற்கும். புதிய பெட்டியிலும் இதைச் செய்து பார்க்காமல் நான் பட்டின் மேல் வைப்பதில்லை.

சூட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். துணிகளின் பராமரிப்புச் சீட்டில் உள்ள ஒரு புள்ளி ஏறக்குறைய 110 பாகையையும், இரண்டு புள்ளி 150 பாகையையும், மூன்று புள்ளி 200 பாகையையும் குறிக்கும். குமிழ் உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு புள்ளிக்கு மேல்தான் நீராவி ஒழுங்காக வரும். ஒற்றைப் புள்ளியில் நீராவியைத் திறந்தால் பட்டின் மேல் தண்ணீர்த் தடம் விழும். மேலும், தட்டு விரைவில் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ஆகவே பாலியஸ்டரை முதலிலும் பட்டை அடுத்தும் லினனைக் கடைசியிலும் தேய்ப்பதே நல்லது. லினனைத் தேய்த்த கையோடு பாலியஸ்டரின் மேல் வைத்து, உருகி ஒட்டிய தட்டுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒட்டினால் தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே மரக்கரண்டியால் வழித்துவிட வேண்டும், கம்பி நாரைத் தொடவே கூடாது.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. பஞ்சுச் சோதனையைப் பழைய பெட்டியில் இப்போதே செய்து பார்த்தேன். ஜிப் கீறிய இடத்தில் மட்டுமல்லாமல், நான் சந்தேகிக்கவே செய்யாத இரண்டு துளைகளின் ஓரத்திலும் இழை நின்றது. 2400 வாட், உப்புத்தடுப்புக் குச்சி, எவர்சில்வர் தட்டு என்று முடிவு செய்திருக்கிறேன். பட்டின் மேல் எவர்சில்வரை நேரடியாக வைக்கலாமா என்பது மட்டும் தெளிவாக வேண்டும்.

ஊசிமுனை எழுதியது:

பட்டை உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, நீராவியை மூடிவிட்டுத் தேயுங்கள். இப்படிச் செய்தால் எந்தத் தட்டானாலும் பளபளப்புத் தடம் விழாது. புதுப்பெட்டியின் முதல் தொட்டித் தண்ணீரை மட்டும் ஒரு பழைய துணியின் மேல் நீராவியாக விட்டுத் தீர்த்துவிடுங்கள். உள்ளே தயாரிப்பின்போது தங்கிய தூசி அதோடு வெளியேறிவிடும்.