டெம்ப் என்று எழுதினேன், டெம்ப்ளேட்ஸ் போய்விட்டது

தொடங்கியவர்:
எங்கள் அலுவலக சர்வரின் வட்டு சென்ற ஆடியில் பழுதானது. இரவுதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகக் காப்பு நகல் ஓடியதால் நான் பதறவில்லை. புது வட்டில் எல்லாவற்றையும் இறக்கித் தளத்தைத் திறந்தால் ஒரு பக்கமும் வரவில்லை. பக்கங்களின் வார்ப்புருக்கள் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் கோப்புறையைக் காணோம். இடம் மாறியிருக்கும் என்று அரை மணி நேரம் தேடினேன். அது காப்பு நகலில் ஒருநாளும் ஏறியதே இல்லை.

டெம்ப், டெம்ப்1, டெம்ப்_பழையது என்று மூன்று தற்காலிகக் கோப்புறைகள் கிடந்தன. மூன்றையும் நகலில் சேராமல் விலக்க, ஆர்சிங்க்கின் விலக்குப் பட்டியலில் 'டெம்ப்*' என்று ஒரே வரி எழுதியிருந்தேன். நட்சத்திரக் குறி, பின்னால் என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். டெம்ப்ளேட்ஸும் அதில் அகப்பட்டது. முன்னால் சாய்கோடு இல்லாததால், எத்தனை அடுக்கு உள்ளே இருந்தாலும் பொருந்தும். '/டெம்ப்/' என்று எழுதினால் முதல் அடுக்கில் அதே பெயருள்ள கோப்புறை மட்டும் விலகும். அந்தச் சாய்கோடு கணினியின் வேரை (எல்லாவற்றுக்கும் மேலான கோப்புறையை) குறிப்பதன்று, நகலெடுக்கும் இடத்தின் வேரைக் குறிப்பது. இதையும் அன்றுதான் கற்றேன்.

சக ஊழியரின் மடிக்கணினியில் இருந்த பழைய பிரதியால் பாதி மீண்டது. மீதியைப் பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினோம்.

மறுமொழி:
அண்ணா, படிக்கும்போதே வயிறு கலங்கியது. பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் டார் கட்டளையில் எனக்கு நேர்ந்தது இது. விலக்கும் விருப்பத்தை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, மேற்கோள் குறி இல்லாமல் *.லாக் (பதிவுக் கோப்புகள்) என்று போட்டேன். சோதித்தபோது கோப்புறையில் ஒரே ஒரு லாக் கோப்பு இருந்தது, சரியாக விலகியது. ஒரு மாதம் கழித்து நாற்பது லாக் கோப்புகள் சேர்ந்திருந்தன. டார் பார்ப்பதற்கு முன்பே, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த நட்சத்திரத்தை நாற்பது பெயர்களாக விரித்துவிட்டது. முதல் பெயர் மட்டுமே விலக்க வேண்டியதாக எடுத்துக்கொள்ளப்பட்டது; மற்ற முப்பத்தொன்பதும் 'சேர்க்க வேண்டியவை' ஆகிவிட்டன. வேண்டாம் என்றவையே இரண்டிரண்டு முறை ஏறியிருந்தன! '*.லாக்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தபின் சரியானது.

மறுமொழி:
நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். அதன் விலக்குப் பட்டியலில் 'பில்ட்/' என்று எழுதி அந்தக் கோப்புறையை விலக்கிவிட்டு, அதிலுள்ள ஒரு கோப்பை மட்டும் ஆச்சரியக்குறி போட்டுத் திரும்பச் சேர்க்கப் பார்த்தேன். கோப்புறையையே விலக்கிவிட்டால் கிட் அதற்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. 'பில்ட்/*' என்று உள்ளே இருப்பவற்றை விலக்கினால்தான் அடுத்த வரியின் ஆச்சரியக்குறிக்கு வேலை உண்டு. எந்த வரி தடுக்கிறது என்பதை, வரி எண்ணோடு செக்-இக்னோர் கட்டளை காட்டிக்கொடுத்தது.

இரண்டையும் கையாள்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்சிங்க்கில் முதலில் பொருந்தும் விதி செல்லும், கிட்டில் கடைசியாகப் பொருந்துவது செல்லும்.

தொடங்கியவர்:
இருவருக்கும் நன்றி. ஆர்சிங்க்கை இப்போதெல்லாம் எதையும் நகலெடுக்காமல் வெள்ளோட்டம் விட்டு, பட்டியலைப் படித்த பிறகே ஓட்டுகிறேன். தங்கையின் பதிவைப் பார்த்ததும் எங்கள் டார் ஸ்கிரிப்டைத் திறந்தேன். மூன்று இடங்களில் மேற்கோள் குறி இல்லை. திருத்திவிட்டு வருகிறேன்.