தொப்பூர் இறக்கத்தில் மடங்கிய டிரெய்லர்: பொறுப்பு யாருடையது?

அம்மாப்பேட்டைவாசி:
அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன்பு என் அண்ணன் தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் காரில் வந்துகொண்டிருந்தார். தொப்பூர் கணவாயில், இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்பாக, இடப்புறத் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்த டிரெய்லர் தூறலில் சறுக்கி மடங்கியது. அதன் வால்பகுதி அடுத்த தடத்துக்கு வீசி வந்து, காரை நடுச்சுவரோடு சேர்த்து நெருக்கியதில் அவருடைய வலது தொடை எலும்பு முறிந்தது. டிரெய்லர் காலியாக வந்திருக்கிறது.

முன்னால் ஒரு கார் திடீரென்று குறுக்கே புகுந்ததால்தான் பிரேக்கை அழுத்தியதாகவும், சாலை வழுக்கியதற்குத் தாம் பொறுப்பல்ல என்றும் ஓட்டுநர் சொல்கிறார். அந்தக் கார் எது என்று தெரியவில்லை. எஞ்சினும் கேபினும் உள்ள இழுவை வண்டி ஒருவர் பெயரிலும் பின்னால் வரும் டிரெய்லர் இன்னொருவர் பெயரிலும் இருப்பதால், இரண்டு காப்பீட்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. யார் மீது வழக்குத் தொடுப்பது?

சங்ககிரி ஓட்டுநர்:
ஐயா, 22 ஆண்டுகளாக டிரெய்லர் ஓட்டுகிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். மடங்குவது என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் இரண்டு வகை உண்டு. இழுவை வண்டியின் பின்சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டால், பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளத் தள்ள, இரண்டையும் இணைக்கும் கிங் பின்னை அச்சாகக் கொண்டு இழுவை வண்டி திரும்பி, கேபினின் மூலை டிரெய்லரின் முன்முகத்தில் போய் இடிக்கும். ஈரச் சாலையில், எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டாலும் இது நேரலாம், ஏனெனில் அதன் பிடி முழுவதும் அந்தப் பின்சக்கரங்களிலேயே விழுகிறது. டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால், இழுவை வண்டி நேராகவே போக, வால் மட்டும் பக்கவாட்டில் வீசும். தாங்கள் சொல்வது இரண்டாவது வகையாகத் தோன்றுகிறது.

காலி டிரெய்லரில் இந்த ஆபத்து அதிகம். முழுப் பாரத்தை நிறுத்துவதற்கென அமைந்த ஏர் பிரேக், மேலே எடை இல்லாதபோது அதே அழுத்தத்தில் பிடித்தால் சக்கரம் சுழல்வதை விட்டுவிட்டு இழுபடும். பூட்டாமல் தடுக்க ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலுள்ள அதன் மின்கம்பியை மாட்டாமலேயே ஓடும் வண்டிகளை எங்கள் ஊர் நிறுத்தத்திலேயே காட்ட முடியும். சில வண்டிகளில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியே பிடிக்கும் கைப்பிடி உண்டு; தூறலில் அதை இழுத்தாலும் இதே கதிதான்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் சிறிய கியரில் வந்திருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும்; குறுக்கே கார் புகுந்தாலும் அவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

கேபின் மூலை நசுங்கியிருக்கிறதா, டிரெய்லர் டயர்களில் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலம் வழக்குரைஞர்:
மேலே நண்பர் எழுதியிருப்பதுதான் இவ்வழக்கின் கரு. எந்தச் சக்கரம் பூட்டியது என்பதை வைத்தே தவறு ஓட்டியதிலா, பராமரிப்பிலா என்று வாதிட முடியும். ஆனால், இழப்பீடு கேட்பவர் அதை முடிவு செய்த பிறகுதான் மனுப் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆவது பிரிவின்கீழ் ஓட்டுநர், இழுவை வண்டி உரிமையாளர், டிரெய்லர் உரிமையாளர், இரு காப்பீட்டு நிறுவனங்கள் ஆகிய அனைவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். மோட்டார் வாகனம் என்பதற்கான சட்ட வரையறையிலேயே டிரெய்லரும் அடங்கும். இரு நிறுவனங்களில் யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டையை அவர்களே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

அடையாளம் தெரியாத காரைப் பற்றிய கவலையும் வேண்டாம். பலருடைய கவனக்குறைவு சேர்ந்து மூன்றாம் நபருக்குக் காயம் நேர்ந்தால், அவர் அவர்களில் எவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் கென்யெய் வழக்கில் 2015-இல் கூறியிருக்கிறது. உங்கள் அண்ணனே வேகமாக வந்தார் என்று நிரூபித்தால் மட்டுமே அவருடைய பங்கு கழிக்கப்படும். எதிர்த்தரப்பு அதற்கு முயலும்.

சாலை வழுக்கியது, பிரேக் பழுதானது என்ற பதில்கள் எளிதில் நிற்பதில்லை. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப் சாலையில் சென்றவர் மீது மோதிய கௌஷ்னுமா பேகம் வழக்கில், கவனக்குறைவு நிரூபணமாகாத நிலையிலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 2001-இல் தீர்ப்பாயிற்று.

விபத்து நடந்த இடம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தாலும், மனுதாரர் வசிக்கும் ஊர் என்ற முறையில் சேலத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். அலைச்சல் மிச்சம். ஆனால் 166(3)-ஆவது பிரிவு விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடு விதிக்கிறது; நான்கு மாதங்கள் ஏற்கெனவே போய்விட்டன. தவறை நிரூபிக்கத் தேவையில்லாத 164-ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய்தான் கிடைக்கும். தொடை எலும்பு அறுவைச் சிகிச்சைக்கும் பல மாத வருமான இழப்புக்கும் அது போதாது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். அசட்டையாக ஓட்டியதற்கும் கொடுங்காயம் விளைவித்ததற்கும் ஓட்டுநர் மீதான பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 281, 125(b) குற்ற வழக்கு தனி. அதில் அவர் விடுதலையானாலும் உங்கள் மனு அதனாலேயே தோற்காது.

அம்மாப்பேட்டைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. விபத்தன்று என் மைத்துனர் எடுத்த படங்களை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். கேபின் மூலையில் கீறல்கூட இல்லை. டிரெய்லரின் இடப்புற டயர் ஒன்றில் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகத் தேய்ந்து, உள்ளிருக்கும் இழை தெரிகிறது. இரண்டு வண்டிகளையும் காவல் நிலையத்திலிருந்து அப்போதே விடுவித்துவிட்டார்களாம். இந்தப் படங்கள் செல்லுமா?

சேலம் வழக்குரைஞர்:
செல்லும். எடுத்தவர் சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம். மின்னணு ஆவணங்களுக்கான, பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். கைப்பேசியிலுள்ள மூலப் படங்களை அழிக்காதீர்கள். வண்டிகளை விடுவிப்பதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுத்த அறிக்கை காவல் நிலையக் கோப்பில் இருக்கும். அதன் நகலுக்கு நாளையே விண்ணப்பியுங்கள். டிரெய்லரின் பிரேக்கைப் பற்றி அதில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா, அல்லது இழுவை வண்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.