கொழும்பை விட்டு மட்டக்களப்புக்கு வரலாமா?

வெள்ளவத்தையில் வாடகை வீடு. எனக்குக் கணக்கு வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அம்மா களுவாஞ்சிக்குடியில் தனியாக இருக்கிறா, அவவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு நகருக்குப் பக்கத்தில் கல்லடியில் இருக்க யோசிக்கிறோம். மகள் ஆறாம் தரம். என்ன சொல்றீங்க?

பதில் 1:
வாங்க தங்கச்சி. ஆனால் வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முற்பணம் கட்டாதீங்க. கார்த்திகை, மார்கழி மழைக்குள் ஒருக்கா வந்து பாருங்க. சுவரின் அடியில் பழுப்புக் கோடு தெரிந்தால் வெள்ளம் அதுவரை ஏறியிருக்கலாம். புதுப் பெயின்ட் என்றால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்க. கிணற்றுத் தண்ணியையும் வாயில் வைத்துப் பாருங்க. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிறதால உப்புக் கரிக்கலாம்.

பதில் 2:
போதனா வைத்தியசாலை, கல்லடிப் பாலம் தாண்டி நகரப் பக்கம் போனால் புளியந்தீவில் இருக்கு. வயதான அம்மாவுக்கு அது பெரிய தைரியம். முதலில் மகளுக்குப் பள்ளிக்கூட இடத்தை உறுதிப்படுத்துங்க.

கேட்டவர்:
சரி அண்ணா, மார்கழியில் வாறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.