உப்புவெளியில் கழிவுநீர்த் தொட்டி கசிகிறது, உள்ளே பூசினால் நிற்குமா?

கடலோரம்:
எங்கள் விடுதிக்குப் பின்னால் நிலத்துக்குள் 8 அடி ஆழத்தில் கொங்கிரீட் தொட்டி இருக்கிறது, அதிலிருந்துதான் பம்ப் கழிவுநீரை மேலே அனுப்புகிறது. மாரியில் ஆட்களே இல்லாத இரவிலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கச்சான் காற்று வீசும் கோடையில் மட்டம் தானாக இறங்குகிறது. மூடிக்குக் கீழே சுவர் உதிர்ந்து கம்பி தெரிகிறது. பக்கத்து வீட்டுக் கிணறு 40 அடி தூரத்தில், அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. எப்பொக்சி (கலந்து பூசினால் இறுகும் பிசின்) அடித்தால் போதும் என்கிறார் மேசன். சரியா?

மேசன்மகன்:
அவசரப்படாதீங்க அண்ணா. மாரியில் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது, கோடையில் கழிவு வெளியே போகிறது, இரண்டும் ஒரே வெடிப்பால்தான். ஈரச் சுவரில் சாதாரண எப்பொக்சி ஒட்டாது, மாரியில் வெளியிலிருந்து தண்ணீர் தள்ளும்போது தோல் மாதிரி உரிந்துவிடும். உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, வெடிப்பைக் குடைந்து உடனே இறுகும் சீமெந்தால் அடையுங்கள். மூலைகளைச் சரிவாகப் பூசி, அப்புறம் நீர்த்தடைச் சீமெந்துக் கலவை இரண்டு கை. மேல்சுவரை அரித்தது கழிவிலிருந்து கிளம்பும் வாயுவால் உண்டாகும் அமிலம், அதைச் சீமெந்து தாங்காது, அங்கே மட்டும் ஈரத்தில் இறுகும் வகை எப்பொக்சி பூசுங்கள். எல்லாவற்றையும் மாரிக்கு முன் முடியுங்கள், நிலத்தில் நீர் ஏறியிருக்கும்போது வெறுமையாக்கினால் தொட்டியே மிதந்து எழும்பலாம், தண்ணீருக்குள் நிற்கும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு தொன் மேலே தள்ளும்.

நிலாவெளியான்:
பூச்சைப் பற்றிப் பேச முதல் ஒன்று சொல்கிறேன், தயவு செய்து கேளுங்கள். பவுசர் வண்டி கழிவை உறிஞ்சி எடுத்தாலும் அடிச்சேற்றைக் கிளறியதும் ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயு கிளம்பும், கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, நாற்றமில்லை என்று இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே செத்த கதைகள் நிறைய. புளோவரால் காற்று ஊதி, வாயுமானியால் பார்த்து, உடம்பைச் சுற்றும் பாதுகாப்புப் பட்டியில் கயிறு, மேலே இரண்டு பேர். இல்லாவிட்டால் யாரையும் இறக்காதீங்க.

கடலோரம்:
கயிறு யோசிக்கவே இல்லை, நன்றி. வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்?

மேசன்மகன்:
பூச்சு இறுகியதும் நல்ல தண்ணீர் நிரப்பி, வரும் குழாயை அடைத்து, பம்பை நிறுத்தி, சுவரில் கோடு போட்டு 24 மணித்தியாலம் விடுங்கள், மூடி போட்டிருக்க வேண்டும். தண்ணீர் கோட்டை விட்டு இறங்காவிட்டால் சரி. கிணற்றுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், குடிக்க வேறு தண்ணீர் எடுக்கட்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி எடுக்கச் செய்யுங்கள்.