ரோஜா இலையை வட்ட வட்டமாக வெட்டுவது யாரென்று பார்த்தாச்சு

திருச்சியிலிருந்து:
மாடித் தோட்டத்து நாட்டு ரோஜாவில் கொஞ்ச நாளாக இலையோரமெல்லாம் கத்தரிக்கோல் வைத்து வெட்டின மாதிரி அரைவட்டம் அரைவட்டமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெட்டுக்கிளி என்றார், நர்சரியில் கேட்டால் உடனே ஒரு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். எதுக்கும் ஆள் யாரென்று பார்த்துவிடலாம் என்று வெயில் ஏறின பிறகு காபி டம்ளரோடு போய் உட்கார்ந்தேன். வந்தது ஒரு தேனீ! இலை விளிம்பைக் கால்களால் பிடித்துக்கொண்டு அப்படியே வளைத்து வெட்டி, துண்டு கீழே விழுவதற்குள் வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு பறந்துவிட்டது, எல்லாம் சில நொடிதான். இலைவெட்டித் தேனீ. இது கூட்டமாக வாழாது, தேனடையும் கட்டாது. பெண் தேனீ தனியாக ஒரு பொந்தைப் பிடித்து, வெட்டிய இலைகளைச் சுருட்டி அறை அறையாக வைத்து, ஒவ்வொன்றிலும் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிடும். இலையைத் தின்பதே இல்லை. எங்கள் வீட்டில் அது பிடித்த இடம் சும்மா கிடந்த பிளாஸ்டிக் குழாய். ரோஜா பாட்டுக்குப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, மருந்து வாங்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
உங்களுக்குத் தேனீ, எங்களுக்குத் தேன்சிட்டு. செம்பருத்தியின் அடிப்பக்கத்தில் சின்னதாகக் கீறல் இருந்தால் அது அவர் வேலைதான். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, முன்பக்கமாக வந்து மகரந்தத்தைப் பூசிக்கொள்ளாமல் பூவின் அடியில் அலகால் துளைபோட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூவுக்கு ஒரு லாபமும் கிடையாது, சுத்தத் திருட்டு. ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் தோட்டத்துப் புழு பூச்சி, சிலந்தியெல்லாம் பிடித்துக்கொண்டு போய் ஊட்டுகிறது, அதனால் கணக்கு சரியாகிவிடுகிறது என்றுதான் நான் வைத்திருக்கிறேன். இப்போது துணி காயப்போடும் கொடிக்கயிற்றிலேயே சிலந்திவலையும் நாரும் சேர்த்துக் கூடு தொங்குகிறது. கட்டினதெல்லாம் அம்மாதான், ஐயா மினுமினுவென்று பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். துணியெல்லாம் மொட்டைமாடிக்குப் போயாச்சு.

கோவையிலிருந்து:
கறிவேப்பிலையில் காக்கா எச்சம் என்று என் மாமியார் குச்சியால் தட்டப்போக, அந்த எச்சத்துக்குச் சிவப்பாக இரண்டு கொம்பு முளைத்து ஒரு நாற்றம் வேறு! கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. சின்ன வயதில் எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால்தான் கொம்பு வெளியே வரும், எதிரியை விரட்ட. இத்தனைக்கும் அத்தை ஒரு சின்னப் புழுவைக் கண்டாலே அலறுகிற ரகம், இப்போது ரசத்துக்கு இலை பறிக்கும்போது அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சரி, யாராவது இதைச் சொல்லுங்கள்: பழுத்த பப்பாளியை ராத்திரியில் மரத்திலேயே பாதி தின்றுவிட்டுப் போவது மரநாயா, வௌவாலா? நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?